கீறியதால் கீற்று



'சொல்லும் பொருளும்' என்று பொதுவாகத் தலைப்புக் கொடுத்து, எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று அமைப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கீற்று.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு யாரும் அகராதி புரட்ட வேண்டியதில்லை. வீட்டுக் கூரையில், கொல்லை மறைப்பில், கல்யாணப் பந்தலில், டூரிங் டாக்கீஸ் கொட்டகையில் எல்லாம் இருந்தது கீற்றுதான். பேச்சில் அது கீத்து. ஆனால் அச்சில் வரும் தமிழைப் பாருங்கள். அங்கே கீற்று என்றால் முதலில் ஒளிக்கீற்று. பிறகு பிறைக்கீற்று, மின்னல் கீற்று, புன்னகைக் கீற்று, நம்பிக்கைக் கீற்று. மெல்லியது, கண்ணில் பட்டதும் மறைந்துவிடுவது, கைக்கு அகப்படாதது எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்லைத்தான் கூப்பிடுகிறோம். தண்ணீரில் ஊறப்போட்டு, காலால் அழுத்திப் பிடித்து, உள்ளங்கை காய்த்துப்போகும்வரை முடைகிற ஒரு பொருளுக்கும், கையில் பிடிக்கவே முடியாத வெளிச்சத்துக்கும் எப்படி ஒரே பெயர்? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து பார்க்கப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் இலக்கணம். பாடு என்ற வினையிலிருந்து பாட்டு வருகிறது. கூறு, கூற்று. மாறு, மாற்று. ஊறு, ஊற்று. வினையின் கடைசியில் நிற்கும் வல்லின மெய் இரட்டித்துப் பெயராவது தமிழின் பழைய வழி. அதே வழியில் வந்ததுதான் கீறு, கீற்று. கீறு என்றால் பிளப்பது, வகிர்வது, கூரிய முனையால் கோடு இழுப்பது. இதே வினைக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு: கீறல். முள் கிழித்த கையில் நிற்பது கீறல். மாங்காயை வகிர்ந்தால் தட்டில் விழுவது கீற்று. கீறல் காயம்பட்ட இடத்திலேயே தங்கிவிடுகிறது. கீற்று முழுசிலிருந்து பிரிந்து வெளியே வருகிறது. நான் சொல்ல வந்த செய்தி இந்த வேறுபாட்டில் இருக்கிறது. கீற்று என்ற சொல்லுக்கு மெலிவு முதற்பொருள் அல்ல. கணநேரம் என்பதும் முதற்பொருள் அல்ல. முழுசாக இருந்த ஒன்று பிளந்தபோது நமக்குக் கிடைத்த பங்கு என்பதுதான் அதன் அடிப்பொருள். மெல்லியதாக இருப்பதும் சீக்கிரம் மறைவதும் அதன் பின்னால் வந்து சேர்ந்தவை.

தென்னையில் இது கண்ணுக்கு நேராகத் தெரியும். மரத்திலிருந்து விழும் முழு இலைக்கு இங்கே மட்டை என்று பெயர். நடுவில் தண்டு, இரண்டு பக்கமும் ஓலை. அடிப்பக்கத்தில் அரிவாளால் ஒரு வெட்டுப் போட்டு, இரு கையாலும் பிடித்து இழுத்தால் தண்டு நெடுகப் பிளந்து இரண்டாகும். ஒவ்வொரு பாதியிலும் ஒரு பக்கம் மட்டுமே ஓலை நிற்கும். அந்தப் பாதிகளைக் குளத்திலோ குட்டையிலோ மேலே கல்லையோ சேற்றையோ பாரம் வைத்து ஊறப்போடுவார்கள். ஊறிய ஓலை ஒடியாது, வளைந்து கொடுக்கும். பிறகு முடைபவர் தரையில் உட்கார்ந்து, தண்டைக் காலால் அழுத்திக்கொண்டு, ஓர் ஓலையை மடக்கி அடுத்ததன் மேலும் அதற்கடுத்ததன் கீழுமாகச் செலுத்திக்கொண்டே போவார். நுனி வரை போய் முடிச்சுப் போட்டால் ஒரு கீற்று. அந்தக் கைகளின் வேகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: எந்த ஓலை மேலே, எந்த ஓலை கீழே என்று கண் தேடுவதற்குள் விரல் அடுத்த ஓலைக்குப் போயிருக்கும். பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை, கூலி எண்ணிக்கைக் கணக்கில். கவனியுங்கள்: கிழிக்கிற வரைக்கும் அது மட்டை. கிழித்து முடைந்தால்தான் கீற்று. பிளவு நடந்த பிறகுதான் இந்தப் பெயர் வருகிறது.

ஓலையின் நடுவில் இருக்கும் ஈர்க்கும் அப்படித்தான். ஈர்தல் என்றால் அறுத்தல், பிளத்தல். யாழ்ப்பாணத்தில் நாம் கீற்று என்பதையே கிடுகு என்கிறார்கள். வீட்டைச் சுற்றிக் கிடுகு வேலி. பழைய இலக்கியத்தில் கிடுகு என்றால் கேடயம். கூரையாக நினைத்த ஊரில் ஒரு பெயர், காவலாக நினைத்த ஊரில் இன்னொரு பெயர் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஈழத்தைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே குழந்தையிடம் "படம் கீறு" என்பார்கள். படம் வரை என்று அர்த்தம். நமக்குக் கேட்கப் புதிதாக இருக்கலாம். வழக்கு மிகப் பழையது. பனையோலையில் எழுதிய காலத்தில் எழுத்தே கீறல்தான். எழுத்தாணி ஓலையின் தோலைக் கிழித்துக்கொண்டு போகும். கீறி முடித்ததும் எழுத்து சரியாகத் தெரியாது; விளக்குக் கரியைத் தடவித் துடைத்தால் கீறிய தடத்தில் மட்டும் கரி தங்கி எழுத்து எழுந்து நிற்கும். பிளப்பதும் வரைவதும் ஒரே செயலாக இருந்த கைத்தொழில் அது. நெற்றியில் திருநீற்றுக் கீற்று, சந்தனக் கீற்று என்று சொல்லும்போது இந்த வரைகிற பொருள்தான் வேலை செய்கிறது. அங்கே எதுவும் பிளக்கவில்லை; விரல் ஒரு கோடு இழுக்கிறது.

அடுப்படிக்குள் நான் அதிக நேரம் நிற்கப் போவதில்லை. மாங்காய்க் கீற்று, தேங்காய்க் கீற்று, பூசணிக் கீற்று. பத்தை என்றால் பருமன், கீற்று என்றால் சன்னம், வளைவு. கிழிந்த துணிக்குக் கீலம். இந்தச் சின்ன வேறுபாடுகளைச் சந்தையில் காய் வாங்குகிறவர்கள் இலக்கண ஆசிரியர்களைவிடத் துல்லியமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். கீற்று வேய்ந்த வீட்டுக்குள் உச்சிப் பொழுதில் படுத்திருந்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பீர்கள். எவ்வளவு நெருக்கி வேய்ந்தாலும், ஒரு வருஷம் போனால் ஓலை சுருங்கி அங்கங்கே இடுக்கு விடும். அந்த இடுக்கு வட்டமாக இருக்காது. முடைசலின் சந்தில் அது கோணலாக, நீளமாக, முக்கோணமாக எப்படியும் இருக்கும். ஆனால் தரையில் விழும் வெயில் மட்டும் வட்டமாக இருக்கும். சிறுவயதில் இதை ஒரு வேடிக்கையாகப் பார்த்திருப்போம், கையை நீட்டி உள்ளங்கையில் வாங்கியிருப்போம். ஏன் வட்டம் என்று கேட்டிருக்க மாட்டோம்.

கேட்டவர்கள் உண்டு. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க வினாத் தொகுப்பு ஒன்றில் இந்தக் கேள்வி இருக்கிறது: பின்னல் தட்டியின் சதுர இடுக்கு வழியாக வரும் வெயில் ஏன் சதுரமாக விழாமல் வட்டமாக விழுகிறது? நம் கூரைக்காகவே கேட்டது போன்ற கேள்வி. 11ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம் கிரகண நேரத்தில் இதை ஆராய்ந்து எழுதினார். சூரியன் பிறையாகக் குறையும்போது, சிறிய துளை வழியே விழும் வெயிலும் பிறையாகிறது என்று காட்டினார். தரையில் விழுவது ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் உருவம். சிறிய துளை எதுவானாலும் அது சூரியனைத் தலைகீழாகப் படம்பிடித்துத் தரையில் போடுகிறது. துளைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை 108ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ அந்த வட்டத்தின் அகலம். கூரை 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் தரையில் விழும் சூரியன் சுமார் 3 சென்டிமீட்டர். வெயில் சாய்ந்தால் அது முட்டை வடிவில் நீளும். 2019 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் கங்கண சூரிய கிரகணம் கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் போனது. அன்று மரத்தடி நிழலில் நின்று கீழே பார்த்தவர்கள், இலைச் சந்து ஒவ்வொன்றின் கீழும் ஒரு பிறை விழுந்திருந்ததைக் கண்டிருப்பார்கள். வானத்தில் ஒரு சூரியன்தான். ஆனால் ஒவ்வொரு கீற்றும் அந்த முழுச் சூரியனையும் சுமந்துகொண்டு இறங்கியது.

தரையை விட்டுவிட்டு, கூரைக்கும் தரைக்கும் நடுவில் சாய்ந்து நிற்கும் அந்த ஒளிக்கோட்டைப் பாருங்கள். உண்மையில் ஒளிக்கீற்று என்று நாம் சொல்வது அதைத்தான். அது எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது? ஒளி தன் வழியே நேராகப் போய்த் தரையில் விழுந்துவிடுகிறது. பக்கவாட்டில் நிற்கும் நம் கண்ணுக்கு அது வரவேண்டிய அவசியமே இல்லை. வழியில் மிதக்கும் தூசும் அடுப்புப் புகையும் அதைச் சிதறடிப்பதால்தான் நமக்குத் தெரிகிறது. 1860களின் இறுதியில் லண்டனில் ஜான் டிண்டால் இதைச் சோதித்தார். இருட்டறையில் ஓர் ஒளிக்கற்றையை விட்டு, அதன் அடியில் சாராய விளக்கைக் கொளுத்தி வைத்தார். கற்றைக்குள் கரும்புகை சுருள் சுருளாக எழுவது போல் தெரிந்தது. பார்த்தால் அது புகையே அல்ல. சுடரின் சூட்டில் தூசு நீங்கிய காற்று மேலே ஏறிய இடம். தூசு இல்லாத இடத்தில் ஒளி இருந்தும் கண்ணுக்கு இருட்டு. இதை வைத்து அவர் 1870இல் தூசையும் நோயையும் பற்றிச் சொற்பொழிவே நிகழ்த்தினார். காற்றில் மிதக்கும் கிருமிகளைப் பற்றிய விவாதத்துக்கு இந்தச் சோதனை பெரிதும் உதவியது.

எனக்கு இதில் பிடித்தது இதுதான்: கூரை இருட்டைத் தருகிறது, இடுக்கு பிளவைத் தருகிறது, அடுப்புப் புகை உருவம் தருகிறது. மூன்றும் சேர்ந்தால்தான் கீற்று. வெட்டவெளியில் வெயில் கொட்டிக் கிடக்கும், அங்கே ஒளிக்கீற்று என்று ஒன்று இல்லை.

பிறைக்கு வருகிறேன். மூன்றாம் பிறை பார்ப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். பள்ளிவாசல்களில் ரமலானுக்கும் பெருநாளுக்கும் மேற்கு வானத்தை நோக்கிக் காத்திருப்பார்கள். நிலா ஒரு நாளைக்குச் சுமார் 12 பாகை சூரியனை விட்டு விலகுகிறது. சூரியனுக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 7 பாகையாவது விலகல் இல்லாவிட்டால் பிறை தெரியவே தெரியாது என்று பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தான்ஜோன் 1930களில் கணித்தார். அதனால்தான் முதல் நாள் பிறை சில வேளை தெரியும், சில வேளை ஏமாற்றும். தெரிந்தாலும் சூரியன் மறைந்து சிறிது நேரத்தில் அதுவும் இறங்கிவிடும். தெளிவான வானத்தில் மூன்றாம் பிறையை உற்றுப் பார்த்தால், ஒளிரும் ஓரத்தைத் தவிர மீதி நிலாவும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். அது பூமியிலிருந்து போன வெளிச்சம். சூரிய ஒளி பூமியில் பட்டு, அங்கிருந்து நிலாவுக்குப் போய், மறுபடி நம்மிடம் வருகிறது. இந்தக் காரணத்தை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லியொனார்டோ டா வின்ச்சி தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பிறைக்கீற்று என்ற சொல் எவ்வளவு சரி என்பது அந்தச் சாம்பல் வட்டத்தைப் பார்த்தால் விளங்கும். நிலா முழுசாக அங்கேயேதான் இருக்கிறது. நம் கண்ணுக்கு வந்த பங்கு மட்டும் மெலிது.

மின்னலைப் பற்றி அதிகம் வேண்டாம். கிலோமீட்டர் கணக்கில் நீளும் அந்தப் பாதையின் தடிமன் சில சென்டிமீட்டர்தான். உள்ளே வெப்பம் 30,000 பாகை அளவுக்குப் போகும். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். வானத்தைக் கீறியது என்று அதைச் சொல்வதில் மிகை எதுவும் இல்லை. பள்ளிப் பாடப்புத்தகத்தில் உயரத்தில் மிதக்கும் பனித்துகள் மேகத்துக்குக் கீற்று மேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1802இல் லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற மருந்து வணிகர் மேகங்களுக்கு வகை பிரித்துப் பெயர் சூட்டியபோது அதற்கு முடிச்சுருள் என்ற பொருளில் லத்தீன் பெயர் கொடுத்தார். நம் பாடநூல் ஆசிரியர்கள் முடியை விட்டுவிட்டுக் கீற்றை எடுத்தார்கள். நல்ல முடிவு. வானத்தில் அந்த மேகம் நிற்கும் அழகைத் தென்னந்தோப்பில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரே சொல்லில் காட்டிவிடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, என்னை வருத்தும் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். இன்று செய்தித்தாளிலும் மேடையிலும் கீற்று என்பது 'கொஞ்சம்' என்பதற்கு மாற்றுச் சொல்லாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது. கொஞ்சம் தயக்கம் என்றால் தயக்கக் கீற்று. கொஞ்சம் லாபம் என்றால் வளர்ச்சிக் கீற்று. இது பிழை என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொற்கள் பொருள் மாறத்தான் செய்யும். ஆனால் ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். கீற்று என்று எழுதும் இடத்தில் முழுசு எங்கே இருக்கிறது, எது பிளந்தது? பத்து நாள் கண் திறக்காமல் கிடந்த நோயாளியின் விரல் அசைந்தது என்று கேட்ட தாய்க்கு வருவது நம்பிக்கைக் கீற்றுத்தான். அடைத்துக் கிடந்த ஒன்றில் இடுக்கு விட்டது, வெளியே வெளிச்சம் இருப்பது தெரிந்தது. காய்கறி விலை இரண்டு ரூபாய் இறங்கியதற்கு அந்தச் சொல் வேண்டாம். இறங்கியது என்று சொன்னால் போதும்.

சொல் ஏன் இப்படித் தேய்கிறது? அதைத் தாங்கிய பொருள் நம் கண்ணைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. கீற்றுக் கூரையை நான் போற்றிப் பாட வரவில்லை. ஐப்பசி மழைக்கு முன் கூரை மாற்றப் பணமில்லாமல் ஒழுகும் வீட்டில் ராத்திரி முழுக்கப் பாத்திரம் வைத்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கட்டில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் மாண்டார்கள். அதன்பின் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரை அகற்றப்பட்டது, அகற்றப்பட வேண்டியதுதான். 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது, அதுவும் வேண்டியதுதான். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் இந்த வட்டாரத்தின் தென்னைகளை லட்சக்கணக்கில் சாய்த்துவிட்டுப் போனது. கூரை பறந்த வீடுகளுக்கு அப்போது வந்தது தார்ப்பாய். கூரை மாறலாம், மாறட்டும். அதை முடைந்தவர்களின் அறிவும் அவர்கள் வாயிலிருந்த சொற்களும் கூரையோடு சேர்ந்து குப்பைக்குப் போகக் கூடாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தது. கரிசல் நிலத்துக்கு கி. ராஜநாராயணன் 1982இல் ஒரு சொல்லகராதி செய்தார். கொங்குக்குப் பெருமாள்முருகன் செய்தார், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன் செய்தார். இவர்கள் மூவரும் தாங்கள் வளர்ந்த மண்ணின் காதோடு, உழைக்கிறவர்கள் பேச்சைக் கேட்டு எழுதினார்கள். அப்படித் தென்னையின் அடியில் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. ஊறாத ஓலைக்கு என்ன பெயர், அதிகம் ஊறியதற்கு என்ன பெயர்? முடைசலின் முதல் மடிப்புக்கும் கடைசி முடிச்சுக்கும் என்ன சொல்வார்கள்? கூரையின் முகட்டில் வைப்பதற்கும் இறவாரத்தில் வைப்பதற்கும் தனித்தனிப் பெயர் உண்டா? ஒவ்வொரு ஊரிலும் விடை வேறாக இருக்கும்.

இந்த அவையில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், கல்லூரி மாணவர்கள் இருக்கிறீர்கள். கோடை விடுமுறை வருகிறது. கீற்று முடைந்த கைகள் இந்த ஊர்த் தெருக்களில் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொண்டு, அந்தப் பெரியம்மாக்களிடம் போய் உட்காருங்கள். ஒரு மட்டையைக் கையில் கொடுத்து முடைந்துகாட்டச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லை அவர்கள் சொல்வது போலவே எழுதுங்கள். கீத்து என்றால் கீத்து என்றே எழுதுங்கள், திருத்தாதீர்கள். எந்த ஊர், எந்த வேலை, எந்தப் பருவம் என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். எழுதியதை உங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு படி, இந்த ஊர் நூலகத்தில் ஒரு படி வைத்துவிடுங்கள். அடுத்து அகராதி செய்ய வருகிறவர்களுக்கு அது போதும்.